கோம்பையில் எடுக்காத போன்

1

போன வாரம் ஒரு செல்போன் கடையில் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அமெரிக்காவில் கடைக்காரரோடு சண்டை போடுவதில் ஒரு திருப்தியும் கிடையாது. நாம் எவ்வளவு கத்தினாலும் எதிரில் நிற்பவர் பல் தெரியச் சிரித்து, உங்கள் வருத்தம் புரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருப்பார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் திராட்சை விற்கிற அம்மாவிடம் மல்லுக்கு நின்று வளர்ந்தவளுக்கு இது எப்படிப் போதும்?

நடந்தது இவ்வளவுதான். எங்கள் போன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப் போன் இலவசம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டார்கள். ஓசி என்றால் யார் விடுவார்கள்? மகள் மீனுவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் இருந்த இளைஞர் ஒரு போனை, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணை நிறுத்துவதுபோல் பதவிசாக எடுத்து வைத்தார். "இது வேர்ல்டு போன். உலகத்தில் எங்கே போனாலும் வேலை செய்யும்" என்றார்.

"எங்கே போனாலும் என்றால்? கோம்பையில் எடுக்குமா?"

"மன்னிக்கவும், எங்கே?"

"தொள்ளாயிரம் பேண்டு இதில் உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பெரும்பாலான நாடுகளில் வேலை செய்யும், மேடம்" என்றார்.

"பெரும்பாலான நாடுகளில் எங்கப்பா குடியிருக்கவில்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கடை திரும்பிப் பார்த்தது. மீனு என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். வெட்கம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். எல்லாரும் பார்க்கிறார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். போனை வாங்காமலே வந்துவிட்டோம்.

காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. கோம்பையில் எடுக்குமா என்ற கேள்வி ஒஹையோவில் யாருக்கும் புரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற உங்களுக்குத்தான் புரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இது சில வருஷத்துக்கு முந்தைய கதை. எங்கப்பாவுக்குக் கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. அம்மா போன பிறகு தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். கூட ஒரு நாய், செவலை, கோம்பை நாய்க்கே உரிய திமிரோடு. ஊருக்குள் அவருடைய தங்கை, என் பேச்சி அத்தை, இருக்கிறாள். அத்தை வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். பேச்சு போய்விட்டது. நாயைக் கூப்பிடக் கைதட்டுவார். மனிதர்களோடு பேச ஒரு சிலேட்டு வைத்திருந்தார்.

நான் போன் செய்தால் எடுப்பார். நான் பேசுவேன். அந்தப் பக்கம் புஸ் புஸ் என்று மூச்சுக் காற்று வரும், நாய் குரைக்கும், அவ்வளவுதான். சரி என்றால் போனை ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. "சாப்டீகளாப்பா?" ஒரு தட்டு. "மருந்து?" ஒரு தட்டு. "பொய்யா?" என்று கேட்டால் ரொம்ப நேரம் தட்டே வராது. அழுது தொலைத்துவிடுவேன் என்று பயந்து நானே சீக்கிரம் வைத்துவிடுவேன்.

அப்போதுதான் அவராகவே மிஸ்டு கால் பழக்கத்தைத் தொடங்கினார். நம்மூரில் மிஸ்டு கால் என்பது ஒரு பாஷை, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பஸ் ஏறிவிட்டேன் என்றால் ஒரு அடி, தண்ணி வந்துவிட்டது மோட்டாரைப் போடு என்றால் இன்னொரு அடி. அப்பா காலையில் எழுந்ததும் எங்கள் வீட்டு நம்பருக்கு அடிப்பார். ஒரே ஒரு மணி, உடனே கட் செய்துவிடுவார். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். அவருக்கு விடிகிற நேரம் எங்களுக்கு ராச்சாப்பாட்டு நேரம். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் மட்டும் நாங்கள் எடுக்க வேண்டும், ஏதோ அவசரம். அப்படி ஒருநாளும் அடித்ததில்லை.

இங்கே வீட்டுப் போனில் வெளிநாட்டு நம்பர் தெரியாது. சின்னத் திரையில் அன்நோன் என்று ஒரு ஆங்கில வார்த்தை வரும், யாரென்று தெரியாதவர் என்று அர்த்தம். மீனு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலம். ஒருநாள் மணி அடித்து நின்றதும், "யாரும்மா இந்த அன்நோன்?" என்றாள். தாத்தா என்றேன். அன்றிலிருந்து அவர் அன்நோன் தாத்தா. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அவர் முகம் போட்டோ, அவர் குரல் என்பது கிடையவே கிடையாது. அந்த ஒரு மணிதான் அவள் தாத்தா.

மீனு ஓடிப்போய் எடுத்துவிடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தோம். எடுத்தால் அந்தப் பக்கம் அப்பாவுக்குக் காசு போகும். மிஸ்டு காலை எடுப்பது பாவம் என்று சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன். அவள் போனுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். மணி நின்றதும், "தாத்தா ஓகே" என்று வந்து உட்கார்ந்து சாப்பிடுவாள்.

3

பேச முடியாதவருக்கு எழுதுகிற போன் ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஸ்மார்ட்போன் என்று ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு சின்னக் குச்சியால் கண்ணாடித் திரையில் எழுதலாம், எழுதியதை அப்படியே படமாக அனுப்பலாம். தமிழோ கிறுக்கலோ அதற்குக் கவலையில்லை. எழுத்தாணி போலிருக்கிறதே என்று எனக்கு ஒரே குஷி. அப்பாவின் சிலேட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடும்.

நிறத்தையும் திரையையும் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை நான். எந்தக் கம்பெனி சிம்மும் போடலாமா என்று கேட்டேன். போடலாம் என்றார்கள். இந்தியாவில் வேலை செய்யுமா என்று கேட்டேன். பெட்டியில் ட்ரிபிள் பேண்டு என்று போட்டிருக்கிறது பாருங்கள், கண்டிப்பாகச் செய்யும் என்றார்கள். மூன்று என்றால் இரண்டைவிட நல்லதுதானே? ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்திடம் கொடுத்தனுப்பினேன்.

தேனியில், அல்லிநகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பாண்டி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அப்பா போனை அவரிடம் எடுத்துக்கொண்டு போனார். பாண்டி எனக்குப் பேசினார்.

"அக்கா, சித்தப்பா பழைய சிம்மப் போட்டா போனு எடுக்க மாட்டேங்குது. வேற கம்பெனி சிம்மு போட்டேன், டவரு சும்மா நெறைய நிக்குது. அதயே போட்டுக் குடுத்துரவா?"

போட்டுக் கொடுங்கள் என்றேன். அன்றைக்கே, அந்தக் கடையில் இருந்தபடியே, அப்பாவின் முதல் எழுத்து எனக்கு வந்தது. கோணல் மாணலாக, கடைசி வரி திரையை விட்டு ஓடிப்போய்: 'செல்வி எழுதிப் பாத்தேன் நல்லா இருக்கு மழ இல்ல அப்பா.'

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். பேச்சு போன பிறகு அவர் எனக்கென்று சொன்ன முதல் வாக்கியம் அது. மீனு எட்டிப் பார்த்து, "தாத்தா என்ன ட்ராயிங் போட்டிருக்காங்க?" என்றாள். தமிழ் எழுத்து என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு ஒருநாள் தனியாக அழுதுகொள்ளலாம் என்று ஒத்திவைத்தேன்.

அப்பா பழைய போனைப் பழைய சிம்மோடு பேச்சி அத்தைக்குக் கொடுத்துவிட்டு, புதுப் போனோடு தோட்டத்துக்குப் போனார்.

4

அன்றைக்குப் பிறகு எழுத்தும் வரவில்லை, மணியும் வரவில்லை.

முதல் நாள் சார்ஜ் இறங்கியிருக்கும் என்றேன். மறுநாள் மறந்திருப்பார் என்றார் வீட்டுக்காரர். சாப்பாட்டு நேரம் மீனு வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் நின்றாள். சாதம் ஆறிப்போகிறது வா என்றால் வரமாட்டாள். "தாத்தா ஓகே இல்லையா?" என்று கேட்டாள். அத்தைக்குப் போட்டேன்.

"ஏத்தா செல்வி, ஒங்கப்பா அந்தப் பொட்டிய வச்சுக்கிட்டுத் தோட்டத்தச் சுத்திச் சுத்தி வாராக. கெணத்து மேட்டுல நிக்கிறாக, மோட்டாரு ரூமு மேல ஏறி நிக்கிறாக. கேட்டா டவரத் தேடுறாகளாம். எம்புட்டுத் தேடுனாலும் கெடைக்கலைன்னு சிலேட்டுல எழுதிக் காட்டுனாக."

"உங்க போன வாங்கிக்கச் சொல்லுங்க அத்த. அது அவுக போனுதான?"

"சொல்லாம இருப்பனா? குடுத்தத வாங்குற பழக்கம் அவுகளுக்கு ஏது? நான் எதையோ தப்பா அமுத்திட்டேன், புள்ள ஆசையா அனுப்புனதக் கெடுத்துப்புட்டேன்னு எழுதிக் காட்டிட்டு அழுகுறாக, ஆத்தா."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தன் மேல்தான் தப்பு என்று ஒரு வாயில்லாத மனிதர் அங்கே மறுகிக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் இல்லையப்பா என்று சொல்லலாம் என்றால் அவர் கையில் இருக்கிற போனுக்கு என் குரல் போய்ச் சேராது.

பிறகு ஒருநாள் மணி அடித்தது. ஒரே ஒரு மணி. மீனு குதித்தாள். நான் சட்டத்தை மீறி உடனே திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் வந்தது, மலையாளத்தில். நீங்கள் கூப்பிடுகிறவர் 'பரிதிக்குப் புறத்தாணு' என்றது.

எல்லையோரத்தில் பிறந்தவளுக்கு இந்த அளவு மலையாளம் தெரியாதா? பரிதி என்றால் அவர்களுக்கு எல்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்கிறாள். ஆனால் அந்த நிமிஷம் என் காதில் தமிழ்ப் பரிதிதான் விழுந்தது. என் அப்பா சூரியனுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்று யாரோ அமைதியாக அறிவிப்பதுபோல் இருந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அவளும் அலுக்காமல் மறுபடி மறுபடி அதையே சொன்னாள்.

தேனிக்கும் கோம்பைக்கும் நடுவில் கேரளாக்காரி எங்கிருந்து வந்தாள்? அத்தைதான் சொன்னாள். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கரடு இருக்கிறது. அதன் உச்சிக்குப் போனால் மேலே ஏலக்காட்டுக்காரர்களுக்காக வைத்திருக்கிற கேரள டவர் கொஞ்சம் எடுக்கிறதாம். அப்பா விடிகாலையில் அந்தக் கரட்டில் ஏறுகிறார். எழுதி அனுப்பிப் பார்க்கிறார், போவதில்லை. ஒரு மணி மட்டும் அடித்துவிட்டு இறங்கி வருகிறார்.

"எறங்கி வரையில நெஞ்சுக்கூடு படபடன்னு தூக்கித் தூக்கிப் போடுது. கழுத்துத் துணி தொப்பலா நனைஞ்சு கெடக்கு. அங்கன காத்து வேற. அந்த ஓட்டைக்குள்ள பனியும் புழுதியும் போகாம என்ன செய்யும்?"

நல்லா இருக்கேன் என்று எனக்குச் சொல்வதற்காக ஒரு மனிதர் தினமும் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அந்த மணிக்காகத்தான் நான் நாள் முழுவதும் காத்திருந்தேன்.

5

போன் வந்த பெட்டியின் படத்தைக் கணினியில் தேடி எடுத்து, பொடி எழுத்துகளை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். மூன்று எண்கள்: 850, 1800, 1900. பிறகு படிக்க வேண்டியதையெல்லாம் படித்தேன். அமெரிக்கக் கம்பெனிகள் 850, 1900 இரண்டிலும் பேசுகின்றன. நம் நாட்டில் 900, 1800. சில கம்பெனிகளுக்கு ஒன்று, சில கம்பெனிகளுக்கு இன்னொன்று. மீடியம் வேவ் மட்டும் உள்ள ரேடியோவில் சிற்றலை நிலையத்தை எவ்வளவு திருகினாலும் எடுக்காது இல்லையா, அதே கதைதான். அப்பாவின் பழைய சிம் 900. இந்தப் போனுக்கு அந்தக் காது கிடையாது. பாண்டி போட்டுக் கொடுத்த சிம் 1800. அந்தக் கம்பெனிக்குத் தேனியில் டவர் உண்டு, கோம்பையில் இன்னும் இல்லை. மூன்று இருக்கிறதே என்று நான் பூரித்துப்போனதில் எங்கப்பாவுக்கு உதவுவது ஒன்றுதான், அதுவும் தேனியோடு சரி.

அப்பா எதையும் தப்பாக அமுக்கவில்லை. இதை அவருக்குச் சொல்லச் சொல்லி அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்த, தப்பு அப்பா மேல இல்ல. போன்ல பேண்டு இல்ல. அதச் சொல்லுங்க."

"பேண்டா? அவுக எப்பத்தா பேண்டு போட்டாக? வேட்டி தவுர வேற என்னத்தக் கட்டுனாக?"

துணி பேண்டு இல்லை அத்தை என்று புரியவைப்பதற்குள் காலிங் கார்டு தீர்ந்துபோனது. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். மறுபடி ஒரு கார்டைச் சுரண்டி, நம்பரைக் குத்தி, மெதுவாகச் சொன்னேன். போன் தப்பு. அப்பா தப்பில்லை. வேறு போன் அனுப்புகிறேன். அதுவரைக்கும் கரட்டில் ஏறக் கூடாது. தினமும் உங்கள் போனிலிருந்து நீங்கள் ஒரு மணி அடியுங்கள். அத்தை எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

நான்கு பேண்டு உள்ள போனைத் தேடிப் பிடித்து வாங்கினேன். எண்களை மூன்று இடத்தில் சரிபார்த்தேன். கொண்டுபோக ஆள்தான் இல்லை. பார்சலில் போட்டேன். அது சென்னையில் சுங்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. என்ன பொருள், யாருக்கு, எதற்கு என்று கேட்டு ஒரு தாள் வந்தது. எதற்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? சொந்த உபயோகம் என்று எழுதினேன்.

நான் ஏன் நேரிலேயே போகவில்லை என்று கேட்பீர்கள். அத்தையும் அதைத்தான் கேட்டாள். இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தச் சமயத்தில் ஊருக்குப் போய்வர ஒரு அனுமதித் தாள் வேண்டும். அது இல்லாமல் கிளம்பினால் விண்ணப்பத்தை நாமே கைவிட்டதாகக் கணக்கு, திரும்ப உள்ளே வர முடியாது. அந்தத் தாளுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அட்வான்ஸ் பரோல்.

"பரோலா?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "ஏத்தா, நம்ம தேனிக் கோர்ட்டுல ஜெயில்காரனுக்குத்தான பரோலு குடுப்பாக? நீ அங்கன என்ன செஞ்ச?"

"ஒன்னும் செய்யல அத்த. தாளோட பேரு அப்படி."

"மாப்பிள்ளைக்கு ஒன்னுமில்லையே? என்ட்ட மறைக்காத."

எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் புரிந்துகொண்டதுதான் சரி. மீனு பிறந்த ஊர் இது, அவள் வெளியே போவாள், வருவாள். நானும் அவள் அப்பாவும்தான் பரோலுக்கு மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தால், உங்கள் கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு இயந்திரம் சொல்லும். மலையாளக்காரியாவது மனுஷக் குரலில் சொன்னாள்.

6

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. ஒருநாள் அப்பாவிடமிருந்து எழுத்து வந்தது.

'செல்வி கோம்பைக்கு டவர் வந்துருச்சு இனி மல ஏற வேணாம்.'

நான் போட்ட சத்தத்தில் மீனு பயந்துபோனாள். மறுநாளும் வந்தது: 'மழ நல்ல மழ.' அடுத்த நாள்: 'பேத்தி என்ன படிக்குது.' பேச்சு போனதிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கேட்டார். மாப்பிள்ளைக்கு வேலை நிலைத்ததா? பனியில் கார் ஓட்டுகிறாயா? உங்கம்மா வைக்கிற மாதிரி புளிக்குழம்பு வைக்கிறாயா? ஒவ்வொன்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். மீனு ஒரு நாய்ப் படம் வரைந்தாள், அதைப் படமெடுத்து அனுப்பினோம். 'செவல மாதிரியே இருக்கு' என்று பதில் வந்தது. அவளுக்கு அதை வாசித்துச் சொன்னேன். "இது ட்ராயிங் இல்லையா, தாத்தா பேசுறதா?" என்றாள். எந்தச் சுழி 'செ' என்று கேட்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷமான ஒரு வாரம் இல்லை. நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு எதையும் நம்பவைக்கலாம்.

சுங்கத்திலிருந்து விடுபட்ட புதுப் போன் அல்லிநகரத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கப் பாண்டியைக் கூப்பிட்டேன். வந்துவிட்டது என்றார். "இனி அவசரம் இல்ல பாண்டி, முதல்ல அனுப்புன போனே நல்லா எழுதுது. கோம்பைக்குத்தான் டவர் வந்துருச்சே" என்றேன்.

"கோம்பைக்கா? அந்தக் கம்பெனிக்கு அங்கன எங்கக்கா டவரு? எடம் பாக்கக்கூட இன்னும் யாரும் வரல." கூடவே, "சித்தப்பா இங்கனதான இருக்காக? நேத்துக்கூட ஒங்க சார்ஜரு பின்னு ஆசுபத்திரி பிளக்குல நொழையலன்னு பேச்சி அத்த வந்து மாத்திக் குடுன்னு கேட்டாக" என்றார். பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "அக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். 850, 1800, 1900 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் போன் கோம்பையில் எழுதாது. அது எழுதுகிறது என்றால் அப்பா கோம்பையில் இல்லை.

அத்தையைக் கூப்பிட்டேன். முதலில் இல்லவே இல்லை என்று சாதித்தாள். பிறகு உடைந்துவிட்டாள்.

"அவுகதேன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாக. நீ வேற போனு அனுப்புறேன்னு சொன்னதுக்குப் பெறகும் ஒருநாள் மழையில அந்தக் கரட்டுல ஏறியிருக்காக. சளி நெஞ்சுல எறங்கிருச்சு. தேனிக்குக் கொண்டாந்து பெட்டுல போட்டதும் அந்தப் போனு டிங்குன்னுச்சு. ஒங்கப்பா மொகத்தப் பாத்திருக்கணுமே. டவரு டவருன்னு கையால காட்டுறாக. எந்திரிச்சு ஒக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டாக. நான் எப்பிடித்தா தடுப்பேன்?"

பெட்டியை எடுத்துத் துணிகளைத் திணித்தேன். வீட்டுக்காரர் அறை வாசலில் நின்றார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. "போ. ஆனா திரும்ப வர முடியாது. மீனு?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அவரைத் திட்டித் தீர்த்தேன். மீனு தன் சின்னப் பையில் ஒரு பொம்மையையும் ஸ்வெட்டரையும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அப்பாவுக்கு எழுதினேன். எல்லாம் தெரியும், கிளம்பி வருகிறேன் என்று. ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. எழுத்து முன்னைவிடச் சரிந்திருந்தது.

'வராத. பேப்பர் வரட்டும். எனக்கு ஒன்னுமில்ல. இங்கன டவர் நல்லாக் கெடைக்குது.'

பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன், பிரிக்கவில்லை.

7

அந்தத் தாளும் வந்தது. எப்போது வந்தது என்று கேட்காதீர்கள். நம் ஊரில் தாலுகா ஆபீஸைத் திட்டுகிறோம், பாவம் அவர்கள்.

நான்கு பேண்டு போனைப் பாண்டியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் பழைய 900 சிம்மைப் போட்டு அப்பாவின் கையில் கொடுத்திருக்கிறார்கள். டவர் நிறைய நின்றதாம். இனிமேல் தோட்டத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதலாம், கிணற்று மேட்டில்கூட ஏற வேண்டாம் என்று பாண்டி சொல்ல, அப்பா தலையாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். அன்று அவர் எதுவும் எழுதவில்லை. களைப்பாக இருக்கிறது, வீட்டுக்குப் போய் எழுதுகிறேன் என்று சைகை காட்டியதாக அத்தை சொன்னாள். டாக்டர் நாளை மறுநாள் அனுப்பிவிடலாம் என்று சொன்னாராம். நான் அதையும் நம்பினேன்.

மறுநாள் ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மீனு தட்டில் பாதி தோசை இருந்தது.

போன் அடித்தது. திரையில் அன்நோன்.

"அன்நோன் தாத்தா!" என்று மீனு நாற்காலியை விட்டு இறங்கி ஓடினாள். போனுக்குப் பக்கத்தில் போய், நான் சொல்லிக்கொடுத்தபடியே, தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு மணி அடித்தது. நான் சட்னிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது நிற்பதற்காகக் காத்திருந்தேன்.

நிற்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். மீனு போனைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். கட்டிய கையை அவள் பிரிக்கவே இல்லை. மணி மறுபடி அடித்தது, மறுபடி அடித்தது.

"அம்மா," என்றாள் மீனு, சிரித்துக்கொண்டே, தமிழில். "தாத்தா கட் பண்ண மறந்துட்டாங்க."